திருகோணமலையில் முதல் தொடர்மாடி வீடு வாங்குமுன்: முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் வீடு என்றால் வளவோடு சேர்ந்த வீடு என்றே நாம் பழகிவிட்டோம். சுற்றிவர மதில், பின்பக்கம் கிணறு, முற்றத்தில் ஒரு மாமரம், வாசலில் கோலம் போட இடம் என்ற ஒழுங்கில்தான் நம் பெற்றோர் வீடு கட்டினார்கள். காணி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உறுதியை வாசிப்பார்கள், எல்லைக் கல்லைத் தேடிப் பார்ப்பார்கள், கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டு உவரா நன்னீரா என்று பார்ப்பார்கள். நகரிலும் அதற்கு வடக்கே கடற்கரையோரமாகவும் மாடிக் கட்டடங்கள் ஆங்காங்கே எழும் இந்தக் காலத்தில், பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கும் வழக்கமும் நம்மவரிடையே இருக்கும் நிலையில், அந்தப் பழைய அனுபவம் மட்டும் போதாது. வளவு வாங்குவதுபோலத் தொடர்மாடி வீட்டை வாங்கப் போனவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்திருக்கிறார்கள்.

முதலில், வாங்கப்போவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி உடைமைச் சட்டமும், 1982 இலும் 2003 இலும் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும் சொல்வதன்படி, தொடர்மாடி வீட்டுக்கு உரிமையாளராகும் ஒருவருக்கு இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, சுவர்களுக்குள் அடங்கிய அவருடைய தனிக் கூறு. மற்றது, காணி, அத்திவாரம், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி முதலிய பொதுக் கூறுகளில் மற்ற உரிமையாளர்களோடு சேர்ந்து அவருக்குள்ள பிரிக்கப்படாத பங்கு. முதலாவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். டைல்ஸ், சமையலறை மேடை, பல்கனியிலிருந்து தெரியும் கடல் என்று அதிலேயே மனம் நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் வரும் வழக்கும் செலவும் மனக்கசப்பும் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து பிறப்பவை. ஆகவே இந்த வழிகாட்டி அந்த இரண்டாவதையே அதிகம் பேசும்.

முதற்படி: பணத்தை நேர்மையாகக் கணக்கிடுதல்

விற்பவர் சொல்லும் விலையோடு கணக்கை நிறுத்தக் கூடாது. கைமாற்று உறுதிக்கான முத்திரைத் தீர்வையாக முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் அறவிடுவது நெடுங்காலமாக நடைமுறையிலுள்ள வீதம். அந்தக் கணக்கின்படி 2 கோடி ரூபாப் பெறுமதியான வீட்டுக்குத் தீர்வை மட்டும் 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா வரும். இதனோடு நொத்தாரிசுக் கட்டணம், பதிவுக் கட்டணம், உரித்துத் தேடல் செலவு, கடன் எடுப்பதானால் வங்கியின் மதிப்பீட்டாளருக்கும் சட்டத்தரணிக்கும் ஈட்டு உறுதிக்கும் ஆகும் செலவு எல்லாம் சேரும். புதிய கட்டடமானால், சொல்லப்படும் விலைக்குள் பெறுமதி சேர் வரி அடங்குமா அடங்காதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024 ஜனவரியிலிருந்து அதன் பொது வீதம் 18 சதவீதமாக இருப்பதால், இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவர் பின்னர் பெருந்தொகை தேட வேண்டி வரலாம்.

கடனைப் பற்றி ஒரு கணக்கை வைத்துப் பாருங்கள். ஒரு கோடி ரூபாவை 15 ஆண்டுகளுக்கு எடுத்தால், 12 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ ஒரு இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. வட்டி 15 சதவீதமாக ஏறினால் அது ஒரு இலட்சத்து 40 ஆயிரம், 18 சதவீதமானால் ஒரு இலட்சத்து 61 ஆயிரம். இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு நம் அயலிலேயே நடந்தது. ஆகவே வட்டி எத்தனை ஆண்டுகளுக்கு நிலையானது, அதன் பின்னர் எந்த அளவுகோலைப் பின்பற்றி மாறும், முன்கூட்டியே கடனை அடைத்தால் தண்டப்பணம் உண்டா என்ற மூன்றையும் கடன் கடிதத்தில் தேடிப் பாருங்கள். மூன்று வீத உயர்வைத் தாங்க முடியாத தவணைக்கு ஒருபோதும் ஒப்பமிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊழியர் சேமலாப நிதியில் 10 ஆண்டுகளுக்கு மேல் பங்களித்தவர்கள், வீட்டுத் தேவைக்காகத் தம் மீதியில் 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெறும் வசதியைப் பற்றியும் விசாரிக்கலாம்.

இரண்டாம் படி: கட்டடத்தின் கீழேயுள்ள காணியின் வரலாறு

கட்டடம் எவ்வளவு அழகாக நின்றாலும் அது நிற்கும் காணியின் உரித்து பழுதானால் மேலேயுள்ள அத்தனை வீடுகளின் உரித்தும் பழுதாகும். திருகோணமலைக்கு இந்த விடயத்தில் தனிக் கவனம் தேவை. இம்மாவட்டத்தில் அரச காணியின் அளவு மிக அதிகம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புப் பத்திரக் காணிகளும் ஏராளம். அவற்றைப் பிரதேச செயலாளரின் ஒப்புதலில்லாமல் கைமாற்ற இயலாது. அனுமதிப்பத்திரம் என்பது உறுதி அன்று. மாடிக் கட்டடம் எழுப்பித் துண்டு துண்டாக விற்பதற்கு அது அடித்தளமாகாது. துறைமுகத்தைச் சூழ்ந்த பெருமளவு காணி 1984 இல் துறைமுக அதிகார சபைக்கு உரித்தாக்கப்பட்டதையும் மறக்கக் கூடாது. ஆகவே காணி தனியார் உறுதிக் காணியா, அரச காணியா, குத்தகையா என்பதே பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

உரித்துத் தேடலை உங்களுடைய சட்டத்தரணியே செய்ய வேண்டும். விற்பவர் கொண்டுவரும் சட்டத்தரணி எவ்வளவு நல்லவராயினும் அவர் விற்பவருக்குக் கடமைப்பட்டவர். குறைந்தது 30 ஆண்டுகளுக்கான பதிவேட்டுப் பிரதிகளை எடுத்து, உறுதிகள் ஒன்றோடொன்று தொடராக வருகின்றனவா, ஈடு ஏதும் விடுவிக்கப்படாமல் நிற்கிறதா, வழக்குப் பதிவு உண்டா என்று பார்ப்பது வழக்கம். நம் மாவட்டத்தில் 30 ஆண்டுகள் என்பது இடப்பெயர்வுக் காலத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். ஊரை விட்டுப் போனவர்களின் காணியில் வேறொருவர் குடியிருந்து, 10 ஆண்டு தொடர்ந்து அனுபவித்த ஆட்சியைக் காரணம் காட்டிப் பிரகடன உறுதி எழுதிக்கொண்ட சம்பவங்கள் இங்கே குறைவல்ல. அப்படிப் போர்க்காலத்தில் காணியை இழந்தவர்களுக்காகத்தான் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்த ஆட்சிக் கணக்கில் சேர்க்காமல் விட அது வகைசெய்தது. உறுதித் தொடரின் நடுவில் பிரகடன உறுதியொன்று தலைகாட்டினால், பழைய உரிமையாளரின் வாரிசுகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

தமக்குப் பதிலாக ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவத்தின் பேரில் விற்கப்படும் ஆதனத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார், இங்கே அவருடைய மைத்துனர் ஒப்பமிடுவார். தத்துவம் பதியப்பட்டதா, அது இரத்துச் செய்யப்படவில்லையா என்பவற்றோடு, அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதையும் நேரடியாகத் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்துங்கள். கொடுத்தவர் இறந்த கணமே தத்துவமும் இறந்துவிடும். விற்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணானால் கணவனின் ஒப்புதலும் உறுதியில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தரணியிடம் நினைவூட்டுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் பல இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி எழும்.

கடற்கரையோரமானால் இன்னொரு அனுமதி உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் ஆகும். அதற்குள் கட்டப்படும் கட்டடத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எதுவரை வந்தது என்பதை அந்த ஒழுங்கையில் வசிக்கும் முதியவர் எவரிடமும் கேட்டால் சுவரைத் தொட்டே காட்டுவார். வரைபடத்தைப் பார்ப்பதோடு அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: கூட்டாதன வரைபடம்

இந்தப் படியைத்தான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மாடிக் கட்டடம் ஒன்றிலுள்ள வீட்டைத் தனியாக விற்பதற்கு, தனிக் கூறுகளையும் பொதுக் கூறுகளையும் பிரித்துக் காட்டி நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் உரிய அனுமதிகளையும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றிதழையும் பெற்றுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். அந்த வரைபடம் பதியப்படாதவரை, நீங்கள் வாங்கும் மூன்றாம் மாடி வீடு சட்டத்தின் கண்ணில் தனி ஆதனம் அன்று. சில இடங்களில் காணியின் பிரிக்கப்படாத பங்கொன்றை எழுதிக்கொடுத்து, இன்ன மாடியில் இன்ன பகுதியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஒப்பந்தமும் எழுதுவார்கள். விலை குறைவாக இருக்கும், கேட்க இனிமையாகவும் இருக்கும். அப்படி வாங்கியவர் காணியின் பங்காளியே தவிர வீட்டின் உரிமையாளர் அல்லர். பங்காளிகளில் ஒருவர் பிரிவினை வழக்குத் தொடுத்தால் அவருடைய வீடும் அந்த வழக்கில் அகப்படும். வங்கி அதற்குக் கடன் கொடுக்கத் தயங்குவதும் இதனால்தான்.

வரைபடத்தைக் கையில் எடுத்தால் நான்கு விடயங்களைத் தேடுங்கள். உங்கள் கூற்றின் இலக்கமும் அதன் பரப்பும் முதலாவது. விளம்பரத் தாளில் 1,200 சதுர அடி என்று போட்டிருக்கும். நடைபாதைப் பங்கும் பல்கனியும் சேர்ந்த கணக்கு அது, வரைபடத்தில் பரப்பு குறைந்திருக்கக் கூடும். உங்கள் கூற்றுக்குக் குறிக்கப்பட்ட பங்குப் பெறுமானம் இரண்டாவது. பொதுக் கூறுகளில் உங்கள் பங்கும், பராமரிப்புக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகையும், கூட்டத்தில் உங்கள் வாக்கின் எடையும் இதைக்கொண்டே தீர்மானிக்கப்படும். மொட்டைமாடி யாருடையது என்பது மூன்றாவது. அது பொதுக் கூறாக இல்லாமல் கட்டியவரின் தனிக் கூறாகக் காட்டப்பட்டிருந்தால், நாளை அவர் அங்கே இன்னொரு மாடி எழுப்ப முயல்வதைத் தடுப்பது கடினம். நான்காவது வாகனத் தரிப்பிடம்.

தரிப்பிடத்தில் நானே அடிபட்டேன். நானும் என் மனைவியும் நகருக்கு வடக்கே கைமாறிய வீடொன்றை வாங்கியபோது, விற்றவர் எங்களைக் கீழே அழைத்துப் போய், சீமெந்துத் தரையில் மஞ்சள் நிறத்தில் எழுதப்பட்ட எங்கள் வீட்டு இலக்கத்தைக் காட்டினார். எங்கள் வீட்டு இலக்கமே அங்கே இருந்ததால் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் தம் உறுதியைக் கொண்டுவந்து, மிகுந்த மரியாதையோடுதான், காட்டினார். அதே தரிப்பிடம் அவருடைய கூற்றோடு சேர்ந்த துணைக் கூறாக இலக்கமிடப்பட்டிருந்தது. அன்றிரவு மேசை விளக்கின் கீழ் எங்கள் உறுதியின் அட்டவணையை விரலை வைத்து வரி வரியாக ஐந்தாறு தடவை வாசித்தேன். படுக்கையறை, குளியலறை, பல்கனி எல்லாம் இருந்தன. தரிப்பிடம் என்ற சொல்லே அதில் இல்லை. இன்றுவரை எங்கள் வாகனம் ஒழுங்கையில்தான் நிற்கிறது. தரையில் எழுதிய மையை நம்பாமல், அட்டவணையில் எழுதிய எழுத்தை மட்டும் நம்புங்கள்.

கட்டடம் அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழை, பேச்சுவழக்கில் சீ.ஓ.சீ. என்பதை, பார்க்காமல் விட வேண்டாம். நான்கு மாடிக்கு அனுமதி எடுத்து ஐந்தாவதைக் கட்டியிருந்தால் அந்த ஐந்தாம் மாடி வீட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் ஏற்கக் கூடாது.

நான்காம் படி: இன்னும் கட்டி முடியாத கட்டடமானால்

2003 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், கட்டி முடிக்காத கட்டடங்களுக்கும் தற்காலிகக் கூட்டாதன வரைபடத்தைப் பதிய இடமளித்தது. அத்தகைய பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தவணைப் பணம் நாட்காட்டியின்படி அல்லாமல் வேலையின்படி, அதாவது அத்திவாரம், ஒவ்வொரு தட்டு, பூச்சு, இறுதி ஒப்படைப்பு என்ற ஒழுங்கில் செலுத்தப்பட வேண்டும். பெரும் பகுதியை ஒப்படைப்புக்கும் உறுதிக்கும் எனத் தடுத்து வையுங்கள். கட்டுபவர் முழுக் காணியையும் வங்கியில் ஈடு வைத்துத் திட்டக் கடன் எடுத்திருப்பது சாதாரணம். உங்கள் கூற்றை அந்த ஈட்டிலிருந்து விடுவிக்க வங்கி ஒப்புக்கொண்ட கடிதம் இல்லாமல் இறுதித் தவணையைக் கொடுப்பது பேராபத்து. தாமதத்துக்கு என்ன இழப்பீடு என்பதையும் உடன்படிக்கையில் எழுதுங்கள். 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலையேறியபோது நின்றுபோன வேலைகளை நினைத்தால் இந்த ஒரு வாசகத்தின் அருமை விளங்கும்.

ஐந்தாம் படி: கட்டடத்தை மாரியிலும் கச்சானிலும் பார்த்தல்

வீட்டை ஒருமுறை பார்த்து முடிவெடுக்கக் கூடாது. திருகோணமலையின் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. சித்திரையில் பார்க்கும் வீடு தன் குறையை மறைத்துவைத்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் இரண்டு நாள் விடாமழைக்குப் பின்னர் போய்ப் பாருங்கள். வாடைக்காற்று மழையைக் கிடையாக அடிக்கும்போதுதான் கிழக்குப் பார்த்த சாளரங்களின் பொருத்து தெரியும். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அன்று எந்தப் பக்கத்தால் தண்ணீர் வந்தது என்று பழைய குடியிருப்பாளரிடம் கேட்பதில் தவறில்லை. அதேபோல் ஆனி, ஆடியில் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒருமுறை போங்கள். கச்சான் காற்று வீசும் நாளில் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், அந்த அறையில் குளிரூட்டி இல்லாமல் உறங்கலாமா என்பது உடனே தெரிந்துவிடும். மேல்தட்டு வீடானால் கூரைத் தட்டின் சூடும் சேரும்.

உப்புக்காற்று நம் ஊரின் தீராத எதிரி. கடலுப்பு கொங்கிறீற்றுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருவேறும். துரு இரும்பைவிடப் பருத்தது ஆகையால் உள்ளிருந்து தள்ளிக் கொங்கிறீற்றைப் பிளக்கும். பல்கனியின் கீழ்த்தளத்தையும் மேல்தட்டுப் படிக்கட்டின் அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பாருங்கள். நேர்கோடாக ஓடும் வெடிப்பும், அதன் ஓரத்தில் தேநீர்க் கறைபோன்ற பழுப்பு நிறமும் இருந்தால் உள்ளே கம்பி அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஐந்து ரூபா நாணயம் ஒன்றை எடுத்துத் தட்டிப் பாருங்கள். திடமான இடம் கணீரென்று ஒலிக்கும், பிளந்த இடம் தகரப்பேணிபோலப் பொத்தென்று ஒலிக்கும். புதிதாகப் பெயின்ற் அடித்த வீட்டில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், ஏனெனில் விற்பனைக்கு முன் அடிக்கப்படும் பெயின்ற் பெரும்பாலும் எதையோ மூடவே அடிக்கப்படுகிறது. சந்தேகம் இருந்தால் விலையில் பேரம் பேசுமுன் பொறியியலாளர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

தண்ணீருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். நகருக்கான குழாய்நீர் கந்தளாயிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. ஆனால் வீதிக் குழாய்க்கு வந்த நீர் மூன்றாம் மாடிக்கு ஏறுவது பம்பியைப் பொறுத்தது. நிலத்தடித் தொட்டி எத்தனை லீற்றர், கூரைத் தொட்டி எத்தனை, குழாய்நீர் தடைப்பட்டால் இரண்டு நாள் தாங்குமா, குழாய்க்கிணறு உண்டானால் அதன் நீர் உவரா என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் சமையலும் குளிப்பும் நடக்கும் மாலை ஆறரை மணிக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். மலக்குழி எங்கே இருக்கிறது, பவுசர் உள்ளே வர வழியுண்டா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விகள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும் பகுதிகளில் குழி நிரம்பி வழிந்தால் கீழ்த்தட்டு வீட்டார் படும் துன்பம் சொல்லி முடியாது. மின்பிறப்பாக்கி இருந்தால் அது மின்தூக்கியையும் பம்பியையும் இயக்குமா அல்லது படிக்கட்டு விளக்குகளை மட்டுமா என்று பிரித்துக் கேளுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது மேல்மாடியில் வயதானவர்களோடு இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

நல்லது கெட்டதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தைப்பொங்கலுக்குச் சூரியனைப் பார்த்துப் பானை வைக்க இடம் எங்கே? வடகம் காயவைக்க மொட்டைமாடித் திறப்பு கிடைக்குமா? வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் பிரேதத்தை வைத்துக் கிரியை செய்யவும், ஊர்ச்சனம் வந்து இருக்கவும் என்ன வழி, படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டி திரும்புமா? இதைக் கேட்பது அபசகுனம் என்று எண்ணித் தள்ளிவிடுகிறோம். ஆனால் வயதான தாய் தந்தையரோடு குடிபோகும் எவரும் ஒருநாள் இதற்கு விடை தேடியே ஆக வேண்டும்.

ஆறாம் படி: முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்

கூட்டாதன வரைபடம் பதியப்பட்ட கட்டடத்தின் உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனமே அந்தக் கட்டடத்தின் பொதுக் கூறுகளை நிர்வகிக்கும் சட்டபூர்வமான அமைப்பு. வீட்டு உரிமையோடு அதில் உறுப்புரிமையும் உங்களை வந்து சேரும். கைமாறும் வீடானால் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் கூட்ட அறிக்கையையும் கணக்கையும் கேட்டு வாசியுங்கள். மாதாந்தக் கட்டணம் மிகக் குறைவாக இருப்பது நல்ல அறிகுறி அன்று. பத்து வீடுகள் மட்டுமே உள்ள கட்டடத்தில் மின்தூக்கியின் இயந்திரம் பழுதானால் அந்தச் செலவு பத்தாகவே பிரியும். நிதியில் மீதியில்லாவிட்டால், குடிபோன மாதத்திலேயே பல இலட்சம் கேட்டு அறிவித்தல் வரலாம். விற்பவர் நிலுவை ஏதும் வைக்கவில்லை என்று கூட்டுத்தாபனத்திடமிருந்து கடிதம் வாங்குங்கள்.

அப்படி ஒரு கூட்டுத்தாபனமே இயங்கவில்லை, கட்டியவரே இன்னும் பணம் சேர்க்கிறார் என்றால், மூன்று வீட்டார் கதவைத் தட்டிப் பேசிப் பாருங்கள். குப்பை எடுப்பதில் தொடங்கி வெளிநாட்டிலிருப்பவர்களின் பூட்டிய வீடுகளுக்குக் கட்டணம் வராதது வரை எல்லாம் ஒரு கோப்பைத் தேநீருக்குள் தெரிந்துவிடும். பூட்டிய வீடுகள் பாதிக்கு மேல் இருக்கும் கட்டடத்தைப் பராமரிப்பது மிகக் கடினம். நம் ஊரில் இது அடிக்கடி எழும் நிலை.

ஏழாம் படி: யாருடைய பெயரில் வாங்குவது

கிழக்கில் வீட்டைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் ஆழமானது. மகளின் பெயரில் வாங்குவது நல்லதே. ஆயினும் பெற்றோர் அங்கேயே வாழப்போகிறார்கள் என்றால், தம் பெயரில் வாங்கிப் பின்னர் உயிருள்ளவரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதுவதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் பேச வேண்டும். இது பிள்ளையை நம்பாத செயல் அன்று. விதி மாறி வந்தால் முதியவர் தெருவில் நிற்காமல் இருக்க இடும் ஒரு வேலி அது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் வாங்குவதானால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடைசெய்கிறது என்பதையும், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிபந்தனைகளோடு கூட்டாதன வீடுகளுக்கும் அதில் விலக்கு உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். உண்டியல் பணத்தில் வாங்கிய வீட்டுக்குப் பின்னர் எந்தச் சான்றும் காட்ட இயலாது.

எட்டாம் படி: முற்பணம், உறுதி, பதிவு

முற்பணத்தை வெள்ளைத் தாளில் எழுதி முத்திரையொட்டி ஒப்பமிட்டுக் கொடுப்பது நம்மிடையே இன்றும் நடக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையா ஆதனத்தை விற்கும் உறுதி மட்டுமன்றி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது. ஆகவே வெள்ளைத் தாளைக் காட்டி வீட்டைத் தரச்சொல்லிக் கேட்க முடியாது, பணத்தைத் திருப்பிக் கேட்டு அலைய மட்டுமே முடியும். நொத்தாரிசு உடன்படிக்கையில், உரித்துத் தெளிவில்லை என்றாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ முற்பணம் முழுமையாகத் திரும்பும் என்ற வாசகம் இருக்கட்டும்.

தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் இணங்க வேண்டாம். அது சட்டத்துக்குப் பிழை என்பது ஒருபுறமிருக்க, 2018 ஏப்ரல் முதல் ஆதன விற்பனையின் இலாபத்துக்கு வரி உள்ளதால், நீங்கள் விற்கும் நாளில் அந்தக் குறைந்த விலையே உங்கள் கொள்வனவு விலையாகக் கொள்ளப்படும்.

ஒப்பமிடும் நாளுக்கு முதல்நாள் பதிவேட்டை மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உறுதி எழுதப்பட்டதும் தாமதமின்றிப் பதிவு நடக்க வேண்டும். 1927 ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பணம் கொடுத்து வாங்கிய இருவரில் முதலில் பதிந்தவரின் உறுதியே முன்னுரிமை பெறும், முதலில் எழுதியவரின் உறுதி பின்தங்கலாம். ஒப்பமிடுமுன் அட்டவணையை உரக்க வாசிக்கச் செய்து, கூற்று இலக்கம், மாடி, பரப்பு, துணைக் கூறு ஆகியவற்றை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நொத்தாரிசு அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

திறப்பு கைக்கு வந்த பின்னர், சோலைவரிப் பதிவில் பெயர் மாற்றம், மின்சாரக் கணக்கிலும் நீர்வழங்கல் கணக்கிலும் பெயர் மாற்றம், முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உரிமையாளர் பட்டியலில் பெயர் சேர்ப்பு என்பவற்றை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். மூல உறுதி வங்கியில் ஈடாக இருக்குமானால், சான்றுப்படுத்திய பிரதியொன்றை நொத்தாரிசிடம் கேட்டு வாங்கிக் கூட்டாதன வரைபடத்தின் பிரதி, இணக்கச் சான்றிதழ், பணம் செலுத்திய வங்கிச் சீட்டுகள் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பை மழைக்காலத்தில் ஈரம் ஏறும் வெளிச்சுவர் அலுமாரியில் வைக்காமல், உட்சுவர்ப் பக்கமாக உயரத்தில் வையுங்கள்.